கரன்ட் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை: வீதியோர மலசலகூடத்தில் பிழை எங்கே, திருத்துவது எப்படி

கிழக்கிலங்கையில் வாகரையிலிருந்து வெருகல் போகும் வழி, செங்கலடியிலிருந்து புல்லுமலைப் பக்கம் போகும் பதுளை வீதி, பொத்துவில் தாண்டி பாணமைப் பக்கம். இப்படிப்பட்ட இடங்களில் வாகனத்தை நிறுத்தி இறங்குகிற சனத்துக்கு ஒரு மலசலகூடம் கட்டிக் கொடுப்பது பெரிய உபகாரம். புதிதில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். முதல் மாரி போன பிறகுதான் பிழைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். உடனே "சனம் பாவிக்கத் தெரியாத சனம்" என்று ஒரு பேச்சு வரும். பெரும்பாலும் அது உண்மையில்லை. பிழை நிலத்தடித் தண்ணீரிலோ, மண்ணிலோ, பராமரிக்கிறவரின் கை எட்டாத ஏதோ ஒரு மூலையிலோ இருக்கும்.

எந்தப் பிழையைப் பார்க்கப் போனாலும் முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள். இது மாரியில் வந்த பிழையா, கோடையில் வந்த பிழையா? கட்டடம் நிற்பது எழுவான்கரை (மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம்) மணலிலா, படுவான்கரை (வாவிக்கு மேற்கே, வயல் பக்கம்) களியிலா, அதற்கும் மேற்கே கிறவலும் பாறையுமான நிலத்திலா? ஒரே அடையாளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு காரணம், அந்தப் பக்கம் வேறொரு காரணம். இதை விசாரிக்காமல் குழியைத் தோண்டத் தொடங்கினால் காசுதான் போகும்.

நாறுகிறது

எந்த நாற்றம் என்று முதலில் பிரித்துப் பாருங்கள். கண்ணை எரிக்கிற மூத்திர நெடி தரையிலிருந்து வருகிறது. அழுகிய முட்டை மணம் குழியிலிருந்து வருகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மூத்திர நெடி என்றால் தரையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் நில்லுங்கள். தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறதோ அங்கேதான் மூத்திரமும் நிற்கிறது. வெறும் சீமெந்துத் தரை அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு கழுவினாலும் வெயில் ஏற ஏற நெடி திரும்பிவிடும். தரையைக் கொமட் பக்கம் சரிவாக மீண்டும் பூசி, மேலே வழுக்காத தரை ஓடு பதிப்பதுதான் நிலையான திருத்தம். ஓட்டுக்குக் காசில்லை என்றால் நல்ல சீமெந்துப் பாலை இழைத்து மெழுகினாலும் கொஞ்சக் காலம் தாங்கும். மணத்தைப் போக்க அமிலம் ஊற்றுகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது சீமெந்தை அரித்து இன்னும் உறிஞ்ச வைக்கும், தாங்கிக்குள் கழிவைத் தின்கிற நுண்ணுயிர்களையும் கொல்லும்.

குழி மணம் என்றால் டோர்ச்சை எடுத்துக் கொமட்டின் கழுத்துக்குள் அடித்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் மினுங்க வேண்டும். அந்த 20 முதல் 25 மில்லிமீற்றர் ஆழத் தண்ணீர்தான் குழியின் மணத்தை மேலே வராமல் மறிக்கிறது. தண்ணீர் தெரியாவிட்டால் காரணம் இரண்டில் ஒன்று. கோடையில் பல நாள் எவரும் வராமல் கிடந்து வற்றியிருக்கலாம். ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றினால் சரி. ஊற்றியும் நிற்காமல் ஓடிவிட்டால் கழுத்து உடைந்திருக்கிறது. அடைப்பெடுக்க யாரோ இரும்புக் கம்பியால் குத்தியிருப்பார்கள். இந்தப் பக்கத்துப் பொது மலசலகூடங்களில் தீராத மணத்துக்கு இது ஒரு முக்கியமான காரணம். வெளியிலிருந்து பார்த்தால் கொமட் முழுசாகவே தெரியும். உடைவு பீங்கானின் அடி வளைவில் இருக்கும். ஒட்டிப் பார்க்க வேண்டாம், மாற்றுங்கள். மாற்றும்போது வளைவு தனித் துண்டாக வருகிற கொமட்டை வாங்குங்கள், அடுத்த முறை அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். கம்பிக்குப் பதில் வளைகிற பிளாஸ்டிக் குழாய்த் துண்டொன்றை அங்கேயே தொங்கவிடுங்கள்.

தண்ணீர் ஊற்றாத உலர் குழி என்றால் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தித் துவாரத்தின் மேல் பிடியுங்கள். புகை கீழே இறங்க வேண்டும். மேலே வந்தால் காற்றுப் போக்கி வேலை செய்யவில்லை. குழாய் 150 மில்லிமீற்றர் அகலமாவது இருக்க வேண்டும், கூரைக்கு மேல் அரை மீற்றராவது நீள வேண்டும், பக்கத்து மரக்கிளை அதன் வாயை மூடக் கூடாது. சிலந்தி வலைக் குப்பை அடைத்துக் கிடந்தால் மேலிருந்து தண்ணீர் விட்டாலே போதும். இதெல்லாம் சரியாக இருந்தும் கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில் மட்டும் நாறுகிறதா? அப்படியானால் சுவரின் துளை வாடைக் காற்றுக்கு (வடகிழக்குக் காற்று) பார்த்து வைத்த துளை. காற்று ஏறுகிற பக்கத்தில்தான் துளை திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அறைக்குள்ளிருந்து காற்று வெளியே இழுபட்டு, குழிக் காற்று உள்ளே ஏறும். இங்கே வருடத்தில் காற்று இரு திசையிலும் வீசுவதால் இரு பக்கமும் துளை வைத்து, எதிர்ப்பக்கத்தைப் பலகையால் மூடித் திறக்கிற மாதிரிச் செய்யுங்கள்.

தண்ணீர் ஊற்றினால் இறங்கவில்லை

கோடையில் என்றால் அடைப்பு. சொப்பிங் பை, போத்தல் மூடி, பம்பர்ஸ், நப்கின், இவைதான். எடுத்துவிட்டு, உள்ளே ஒரு மூடியுள்ள குப்பைத் தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டி இல்லாத இடத்தில் உள்ளே வருகிற பெண்பிள்ளை நப்கினை வேறு எங்கே போடுவாள்?

மாரியில் என்றால் கம்பியைத் தொடவே வேண்டாம். குழியின் மூடியைத் திறந்து ஒரு நீளத் தடியை விட்டுத் தண்ணீர் மட்டத்தை அளவெடுங்கள். பிறகு பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் நில மட்டத்திலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறது என்று பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டம் என்றால் நிலத்தடித் தண்ணீர் உள்ளே வந்து குழியை நிரப்பியிருக்கிறது. கல்லி பௌசரை (கழிவு உறிஞ்சும் வண்டி) கூப்பிட்டு உறிஞ்சினாலும் அடுத்த நாள் மறுபடி நிரம்பும். வாவிக் கரையிலும் பனிச்சங்கேணிப் பக்கத்திலும் மார்கழி, தையில் இரண்டு அடி தோண்டினாலே தண்ணீர் வருகிற இடங்கள் இருக்கின்றன.

இதற்கு ஒரே மருந்து உயர்த்துவதுதான். ஸ்பியர் என்ற சர்வதேச நிவாரண அளவுகோல், குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் குறைந்தது 1.5 மீற்றர் மேலே இருக்க வேண்டும் என்கிறது. கோடை மட்டத்தை அல்ல, தை மாதத்து மட்டத்தை எடுங்கள். ஆடியில் தோண்டிப் பார்த்து "பத்தடிக்குத் தண்ணியில்லை" என்று குறித்த திட்டம் தையில் தோற்றுவிடும். தாழ்ந்த இடங்களில் குழியே வேண்டாம். நிலத்துக்கு மேல் இரண்டு அறைத் தாங்கி கட்டி, முதல் அறைக்கு மூன்றில் இரண்டு பங்கு கொடுத்து, வெளியேறும் தண்ணீரை மண் திட்டு ஒன்றுக்குள் விட்டு ஊறச் செய்யுங்கள். கொமட்டும் அதற்கேற்ப உயரும். நாலைந்து படியும் ஒரு சரிவும் கட்ட வேண்டி வரும். செலவுதான், ஆனால் ஒரு தடவைச் செலவு.

பிளாஸ்டிக் தாங்கி புதைத்திருந்தால் இன்னொரு எச்சரிக்கை. மாரியில் அதை முழுதாக வெறுமையாக்காதீர்கள். ஆயிரம் லீற்றர் வெற்றுத் தாங்கி நிலத்தடித் தண்ணீரில் முழுதாக மூழ்கி நின்றால், தண்ணீர் அதை ஏறத்தாழ ஒரு தொன் விசையோடு மேலே தள்ளும். குழாய்களைப் பிய்த்துக்கொண்டு தாங்கி எழும்பி வரும். அடியில் கொங்கிரீட் தளம் போட்டுப் பட்டி கட்டி இறுக்கியிருந்தாலொழிய, கோடையில் மட்டும் முழுதாக எடுங்கள்.

குழி நிரம்பவே இல்லை

இதை யாரும் பிழை என்று சொல்வதில்லை. "ஆறு வருசம் ஒருக்காவும் எடுக்கேல்ல" என்று பெருமையாகத்தான் சொல்வார்கள். எழுவான்கரை மணலில் இது பயப்பட வேண்டிய அடையாளம். கழிவுத் தண்ணீர் மணலுக்குள்ளால் நேரே கீழே போய்க்கொண்டிருக்கிறது, அதே மணலுக்குள்தான் இருபதடிக் கிணறும் இருக்கிறது. பக்கத்துத் தேநீர்க் கடை அந்தக் கிணற்றில்தான் தண்ணீர் அள்ளும்.

முதலில் தூரத்தை அளவிடுங்கள். குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 30 மீற்றர் வேண்டும். பருமணல் என்றால் அதையும் நான் போதும் என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புங்கள், மாரியில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை. மூன்றாவது, குழியைத் திருத்துங்கள். அடியைக் கொங்கிரீட்டால் மூடி, சீமெந்து றிங்கைச் சுற்றி அரை மீற்றர் அகலத்துக்கு நுண்மணல் நிரப்பினால் தண்ணீர் மெல்லப் பக்கவாட்டில் வடியும். அந்த மெதுவான நடையில்தான் கிருமி சாகிறது. கிணறு 30 மீற்றருக்குள் இருந்து வேறு இடமும் இல்லையென்றால், கசியாத தாங்கி கட்டி அவ்வப்போது கல்லி பௌசரால் எடுப்பதைத் தவிர வேறு நேர்மையான வழியில்லை.

குழி வெகு சீக்கிரம் நிரம்புகிறது

படுவான்கரையில் இதுதான் வழமையான முறைப்பாடு. வயல் களி தண்ணீரை உறிஞ்சாது. ஆனால் களியைக் குற்றம் சொல்வதற்கு முன் இரண்டு விடயம் பாருங்கள்.

ஒன்று, ஒழுகுகிற குழாய். இரவில் எவரும் இல்லாத நேரம் குழிக்குப் போகிற குழாயில் காதை வைத்துக் கேளுங்கள். சலசலப்புக் கேட்டால் குழியை நிரப்புவது சனமல்ல, பைப்.

இரண்டு, இரட்டைக் குழி என்றால் பிரிக்கிற பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒரு பக்கம் அடைத்திருக்க வேண்டும். ஒரு குழி பாவனையில் இருக்கும்போது மற்றது மூடிக் கிடந்து உக்க வேண்டும், அதுதான் இரட்டைக் குழியின் முழு அர்த்தமும். பல இடங்களில் கட்டிய மேசனுக்கே இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் திறந்தபடி, இரண்டும் ஒன்றாக நிரம்பி, ஒன்றும் உக்காமல் நிற்கும். ஒரு பக்கத்தைக் கல் வைத்துக் களிமண்ணால் அடையுங்கள், சீமெந்தால் அல்ல, பிறகு திறக்க வேண்டும். எந்தத் திகதியில் மாற்றியது என்று மூடியிலேயே ஆணியால் கீறி வையுங்கள். நம்முடைய சூட்டில் ஒரு வருடத்துக்கு மேல் மூடிக் கிடந்தால் கிருமிகள் பெரும்பாலும் செத்துவிடும், இரண்டு வருடம் விட்டால் கையாளப் பயமில்லை.

இவை இரண்டும் சரி என்றால் மண்ணைச் சோதியுங்கள். குழியின் ஆழத்தில், ஒரு சாண் அகலத்தில், ஓரடி ஆழக் கிடங்கு தோண்டித் தண்ணீர் நிரப்பி ஒரு இரவு ஊற விடுங்கள். காலையில் மறுபடி நிரப்பி, ஒரு மணித்தியாலத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பாருங்கள். அரை அங்குலமும் இறங்காவிட்டால் அந்த மண்ணில் ஊறல் குழி சரிவராது. தாங்கியும், நாணல் அல்லது வாழை வளர்க்கிற சல்லிப் படுக்கையும்தான் அங்கே பொருந்தும்.

தண்ணீர் இல்லை

மழைத் தண்ணீரை மட்டும் நம்பிக் கட்டியிருந்தால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மட்டக்களப்பில் வருடத்துக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மாசிக்கும் இடையில். 20 சதுர மீற்றர் கூரையில் சிந்தியது போக ஏறத்தாழ 25,000 லீற்றர் சேரும். ஒருவருக்கு ஊற்ற, கழுவ, கை கழுவ ஐந்து லீற்றர். நாளைக்கு ஐம்பது பேர் என்றால் 250 லீற்றர், வருடத்துக்கு 90,000 லீற்றருக்கு மேல். கூரை கால்வாசிதான் தருகிறது. அதையும் கோடைக்குச் சேமிக்க முடியாது, 2,000 லீற்றர் தாங்கி எட்டு நாளுக்கு மேல் வராது. ஆகவே கோடையில் தண்ணீர் பௌசர் வரும் என்று எழுத்தில் உறுதியில்லாத இடத்தில் தண்ணீர் ஊற்றும் மலசலகூடத்தைக் கட்டத் தொடங்கவே வேண்டாம், அல்லது ஒரு கிணறும் கைப்பம்பும் சேர்த்துக் கட்டுங்கள்.

பௌசரும் வருகிறது, தாங்கியும் நிரம்புகிறது, இருந்தும் இரண்டு நாளில் வற்றுகிறதா? குழாய் வாய்களை அமத்தித் திறந்து தானே மூடுகிற வகைக்கு மாற்றுங்கள். உள்ளே வாளிக்குப் பதிலாக சுவரில் சங்கிலியால் கட்டிய ஒன்றரை லீற்றர் கோப்பை வையுங்கள், சரிவு கூடிய கொமட்டுக்கு அதில் இரண்டு கோப்பை தாராளம்.

லகுகலை, பாணமைப் பக்கங்களில் கோடையில் தாங்கியை உடைப்பது யானையாகவும் இருக்கும். உயரத்தில் வைத்தால் தூணைத் தள்ளும். அங்கே தாங்கியை நிலத்தோடு கொங்கிரீட்டில் கட்டி மூடியையும் கொங்கிரீட்டில் போட்டு, குழாயைச் சுவருக்குள்ளால் எடுப்பதுதான் நல்லது. வெளியே ஒழுகி ஈரம் நிற்கவே விடக் கூடாது.

நுளம்பும் ஈயும்

மழைத் தண்ணீர்த் தாங்கியில் வளர்வது டெங்கு நுளம்பு, கழிவுத் தாங்கியில் வளர்வது பெரும்பாலும் வேறு இனம். இரண்டுக்கும் மருந்தடிப்பதை விட ஓட்டையை மூடுவது மேல். மூடியின் வெடிப்பைச் சாந்தால் பூசுங்கள். காற்றுப் போக்கியின் வாய்க்கு வலை கட்டுங்கள், சாதாரண இரும்பு வலை குழி வாயுவில் சில மாதங்களில் உதிர்ந்துவிடும், கண்ணாடி இழை வலை நிற்கும். ஈ உலர் குழியில்தான் தொல்லை, அறைக்குள் இருட்டாக இருந்தால் குறையும். அவ்வளவுதான்.

துரு, வெடிப்பு, கழன்ற கதவு

கடலுக்குக் கிட்ட முதலில் போவது கதவுப் பிணைச்சல். மேலே மஞ்சளாகக் கசிவு தெரிந்ததும் எண்ணெய் போடாமல் மாற்றுங்கள். கடற்கரையில் எவர்சில்வரிலும் 316 தரம்தான் நிற்கும். கதவு மரமென்றால் அடிப்பக்கம் நாலு அங்குலம் இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள், பிளாஸ்டிக் கதவென்றால் சட்டம் உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கூடுதலாகக் கவனிக்க வேண்டியது குழி மூடி. மேலே நன்றாகத் தெரியும். அடியில் குழி வாயு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி கொங்கிரீட்டைத் தின்னும். வருடத்துக்கு ஒரு தடவை மூடியைத் திருப்பிப் போட்டு அடியை ஆணியால் சுரண்டுங்கள். மாவாக உதிர்ந்தாலோ கம்பி தெரிந்தாலோ அன்றே அதன் மேல் ஆள் நடப்பதை நிறுத்துங்கள், பிள்ளைகள் விழுந்துவிடும். புது மூடி வார்க்கும்போது ஆற்று மணல் மட்டும் பாவியுங்கள், கடல் மணலின் உப்பு உள்ளிருந்தே கம்பியைத் தின்றுவிடும். கம்பிக்குக் கீழே இரண்டு அங்குலம் கொங்கிரீட் இருக்க வேண்டும்.

விளக்கு விடியுமுன் அணைகிறது

சூரிய ஒளி விளக்கின் 12 வோல்ட் 7 அம்பியர் மணி ஈயப் பற்றரியில் பாதியைத்தான் பாதுகாப்பாக எடுக்கலாம், ஏறத்தாழ 42 வோட் மணி. 3 வோட் விளக்கு பன்னிரண்டு மணித்தியாலம் எரிய 36 வேண்டும். யாராவது 5 வோட் விளக்கு மாட்டியிருந்தால் 60 கேட்கும், அதுதான் காரணம். மார்கழியில் மட்டும் அணைந்தால் மேகம். பற்றரியைப் பெரிதாக்குங்கள், அல்லது ஆள் வந்தால் மட்டும் பிரகாசிக்கிற வகை போடுங்கள். சூரியப் பலகையைத் தெற்குப் பார்த்துப் பத்துப் பதினைந்து பாகை சரித்து வைத்தால் மழையே உப்பையும் காக்கை எச்சத்தையும் கழுவிவிடும்.

எல்லாம் சரி, ஆனால் சனம் பற்றைக்குள் போகிறது

இதுதான் என்னை அதிகம் வருத்துகிற பிழை, ஏனென்றால் கட்டியவர்களுக்கு இது தெரிவதே இல்லை. கட்டடத்தின் பின்னால் நடந்து பாருங்கள். தடம் இருந்தால் உள்ளே ஏதோ ஒன்று அவர்களைத் திருப்பி அனுப்புகிறது.

ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய் உள்ளே நிற்கச் சொல்லி, வெளியே நின்று கேளுங்கள். கொண்டி உள்ளிருந்து இறுக்கமாக விழுகிறதா? பையையும் சால்வையையும் கொழுவ ஆணி உண்டா? பூக்கல் (காற்று வரச் சுவரில் பதிக்கிற துளைக் கல்) ஏழு அடிக்கு மேல் இருக்கிறதா, இல்லை யாராவது ஃபோனை உயர்த்திப் பிடிக்கலாமா? கதவு திறந்தால் பேருந்தில் இருப்பவர்கள் எல்லோரும் பார்க்கிறார்களா? ஒரு மறைப்புச் சுவர் இதில் பாதியைத் தீர்க்கும். ஆனால் அந்தச் சுவர் வாசலை வீதியிலிருந்து முழுதாக ஒளிக்கவும் கூடாது, ஒளித்தால் இரவில் பயம்.

அம்பாறைக் கரையோரத்தில் இன்னொன்று. கொமட் எந்தத் திசை பார்க்கிறது? முஸ்லிம்கள் கிப்லாவை நோக்கியோ அதற்கு முதுகு காட்டியோ இருக்க மாட்டார்கள். இங்கிருந்து கிப்லா மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே சரிந்திருக்கிறது. கொமட் கிழக்கு மேற்காகக் கிடந்தால் அக்கரைப்பற்றிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ வருகிற ஒரு குடும்பம் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பிவிடும். வடக்குத் தெற்காகத் திருப்பினால் தீர்ந்தது. கட்டும்போது இதற்கு ஒரு சதமும் கூடுதலாகச் செலவாகாது.

முழங்கால் மடியாத முதியவர்களுக்கு ஒரு அறையில் இருக்கைக் கொமட்டும் சுவரில் கைபிடியும், வாசலில் பன்னிரண்டடிக்கு ஓரடி ஏறுகிற சரிவும் வேண்டும்.

இவ்வளவும் செய்தும் அழுக்காகக் கிடந்தால் அது ஆளில்லாத இடம். தனிக்காட்டில் நிற்கிற மலசலகூடம் நிலைக்காது என்பது என் உறுதியான கருத்து. ஒரு இளநீர்க் கடையோ தேநீர்க் கடையோ இருக்கிற இடத்துக்கு அருகே கட்டி, திறப்பையும் மாதாந்தம் ஒரு தொகையையும் அவர்களிடம் கொடுங்கள். உலர் வகைக் கழிவறை வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன். கழிவின் மேல் தூவ அரிசி ஆலை உமிச் சாம்பல் அம்பாறையில் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் வழிப்போக்கர் கழுவுகிற தண்ணீர் உலர் அறைக்குள் விழுந்தால் எல்லாம் சேறாகும். சொல்லிக் கொடுக்க ஆள் நிற்கிற இடத்தில் மட்டும் அதைக் கட்டுங்கள்.

திருவிழாவில் பொங்கி வழிகிறது

உகந்தை, கதிர்காமம் பாத யாத்திரைக் காலத்தில் திருக்கோவில், பொத்துவில், பாணமை வழியில் நாலு அறை மலசலகூடம் எதுவும் தாங்காது. அந்தக் கூட்டத்துக்கு அளவெடுத்து நிரந்தரமாகக் கட்டவும் வேண்டாம், மற்றப் பதினொரு மாதமும் சும்மா கிடந்து வற்றும். ஒரு பக்கம் மேலதிகத் தளமும் தாங்கிக்கு இணைப்பு வாயும் விட்டு வையுங்கள், அந்த நாட்களில் தற்காலிக அறைகளை வைத்துக்கொள்ளலாம். தாங்கியை வைகாசி முடிவதற்குள் எடுப்பியுங்கள். அப்போது நிலத்தடித் தண்ணீர் கீழே போயிருக்கும், தாங்கி மிதக்காது, பௌசரின் சில்லும் மண்ணில் புதையாது. பௌசர் நிற்கிற இடத்திலிருந்து தாங்கி வாய்க்கு அதன் குழாய் எட்டுகிறதா என்று முதல் தடவையிலேயே அளந்து, எட்டாவிட்டால் அந்தத் துண்டுக்குக் கிறவல் போட்டு வையுங்கள்.